கப்பெஸ்தேர் போகிறவர்கள் கவனத்துக்கு
(காரைக்கால் நூலக அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்த பேராசிரியர் அவர்களே, இந்த அரங்கைத் திறந்துவிட்ட நூலகர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகராட்சிப் பெரியோர்களே, மீனவப் பஞ்சாயத்தாரே, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் பெறும் மூத்தவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். உடல்நலம் சரியில்லாதபோதும் தலைவர் அவர்கள் கடைசிவரை இருந்தே தீருவேன் என்று அமர்ந்திருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மைக்குத் தனியாக ஒரு வணக்கம்.

கரீபியக் கடலில் குவாதலூப் என்றொரு பிரெஞ்சுத் தீவு. அதன் கிழக்குக் கரையில் கப்பெஸ்தேர்-பெல்-ஓ என்றொரு ஊர். நம் பக்கத்திலிருந்து கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கும் ஊர். அங்கே போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை நான்கு: வழி, கடல், சாப்பாடு, ஏடு. ஏடு என்றால் போனவர்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடு. ஏட்டுக்குத்தான் நான் வந்திருக்கிறேன். ஆனாலும் வழியைச் சொல்லாமல் ஏட்டுக்குப் போக முடியாது.

முதல் தடை விசா. குவாதலூப் பிரான்சின் மாவட்டம், செலவாவது யூரோ. ஆனால் அது ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா எல்லைக்குள் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் பாரிசுக்கு எடுத்த விசாவே போதும் என்று கிளம்பி, விமானம் ஏறும் இடத்திலேயே நின்றுபோகக் கூடும். விண்ணப்பிக்கும்போதே குவாதலூப் என்று எழுதிக் கேளுங்கள். அடுத்து, சென்னையிலிருந்து போனால் இறங்குவது பாரிசின் சார்ல் து கோல் விமான நிலையம். தீவுக்குப் போகும் விமானங்கள் பெரும்பாலும் புறப்படுவது பாரிசின் இன்னொரு நிலையமான ஓர்லியில். நகரத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டும். அதனால் நடுவில் ஒரு இரவு தங்குவது நல்லது. பாரிசுக்குள் நுழைய ஷெங்கன் விசாவும் வேண்டும். ஓர்லியிலிருந்து எட்டு, ஒன்பது மணி நேரப் பயணம். இறங்குவது புவான்த்-அ-பீத்ர் பக்கத்தில். அங்கிருந்து தெற்கே தேசிய நெடுஞ்சாலையில் கப்பெஸ்தேர். ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்பாதீர்கள். மற்ற நாட்களிலும் மாலையில் சீக்கிரமே ஓய்ந்துவிடும். கடைசி வண்டி எப்போது என்று காலையிலேயே ஓட்டுநரிடம் கேட்டுவிட வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். பிரெஞ்சில் நாலு வார்த்தை இருந்தால் போதும்.

டிசம்பர் முதல் மே வரை போங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல் மும்முரமாக இருக்கும் மாதங்கள். மேலே கார்பே அருவிகள் இருக்கின்றன. இரண்டாவது அருவி 110 மீட்டர் உயரம். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து அரை மணி நேர நடை. மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஆறு திடீரென்று பெருகும். பாதை மூடியிருக்கிறது என்று பலகை வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள். கடல் அட்லாண்டிக், அலை முரட்டு அலை. 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புப் பாசி கிழக்குக் கரைகளில் குவிகிறது. அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வெளிவரும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கம் தங்க வேண்டாம்.

சாப்பாட்டில் ஒரே எச்சரிக்கை. அங்குள்ள வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்தெக்கோன் என்ற பூச்சிமருந்து போட்டார்கள். அது இன்னும் மண்ணில் இருக்கிறது. கிழங்குகள் அதை உறிஞ்சும். வள்ளி, சேம்பு வாங்கும்போது எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று கேளுங்கள். ஆற்று மீன், ஆற்று இறால் வேண்டவே வேண்டாம். கொலோம்போ என்று நம் மசாலாவிலே ஒரு குழம்பு வைக்கிறார்கள்.

நெடுஞ்சாலையோரம் ஷாஞ்சியில் மாரியம்மன் கோயில். செருப்பைக் கழற்றுங்கள், படம் எடுக்குமுன் பூசாரியைக் கேளுங்கள். ஆடு வெட்டுவதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நம் ஊரிலிருந்து போன வழிபாடு அது.

இப்போது ஒரு மனிதரைப் பற்றி. கொஞ்சம் நீளும், தலைவர் பொறுத்தருள வேண்டும். 1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளைப் புவான்த்-அ-பீத்ரில் இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர் வந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முடிந்தால் திரும்பிப் போகலாம் என்று வாக்கு. பலர் திரும்பவில்லை. அப்படி வந்தவர்களின் மகனாக 1863இல் கப்பெஸ்தேரில் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். 1904இல் அவர் ஒரு காரியம் செய்தார். தீவில் பிறந்த இந்தியர் மக்களின் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். ஆளுநர் தரப்பு எதிர்த்தது: இவர்கள் பிரிட்டிஷ் குடிமக்களின் பிள்ளைகள், இவர்களுக்கு ஏது ஓட்டு? பிரெஞ்சு மண்ணில் பிறந்தவன் எந்த நாட்டுக்காரன் என்று சிதம்பரம் திருப்பிக் கேட்டார். வழக்கு போட்டார், மனு எழுதினார். ஓராண்டல்ல, ஈராண்டல்ல. 1904இல் தொடங்கியது 1923இல் புவான்காரே பிரதமராக இருந்தபோதுதான் முடிந்தது. குடியுரிமை வந்தது, ஓட்டு வந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிறோமே, இவர் ஊரையே பிழைக்க வைத்தார். 1952இல் மறைந்தார். காரைக்காலில் இவர் பெயரில் ஒரு தெருவாவது வேண்டாமா? நகராட்சிப் பெரியோர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

ஏட்டுக்கு வருகிறேன். குவாதலூப்பின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பகுதி, ஊர், ஆண்டு என்று தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். தீவிலேயே குர்பேரில் மாவட்டக் காப்பகம் உண்டு. தேடுகிறவர்கள் பேரைப் பிடித்துக்கொண்டு தேடி ஏமாறுகிறார்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். வீரப்பன் விராப்பேன் ஆனார், நாகப்பன் நகப்பேன் ஆனார். ஒரே ஆள் மூன்று ஏட்டில் மூன்று விதமாக இருப்பார். மாறாமல் வருவது கூலிக்குக் கொடுத்த பதிவு எண். எண் கிடைத்தால் அதையே பிடியுங்கள். அடுத்து தகப்பன் பெயர், வயது, தோட்டத்தின் பெயர். இன்னொரு தவறு, கப்பலேறிய துறைமுகத்தைப் பிறந்த ஊர் என்று எடுத்துக்கொள்வது. காரைக்காலில் ஏறியவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரராக இருக்கலாம்.

சிதைந்து கிடக்கும் கிராமப் பெயர்களைக் கப்பெஸ்தேரில் இருக்கும் பேரப்பிள்ளைகளால் எப்படி அடையாளம் காண முடியும்? பாரிசில் இருப்பவருக்குத்தான் தெரியுமா? நமக்குத் தெரியும். அதனால் அந்த ஏடுகளை நாமே வாசித்துப் பதிவோம். பழைய பிரெஞ்சுக் கையெழுத்து வாசிக்கும் ஓய்வூதியப் பெரியவர் ஒருவர், சுற்றுவட்டாரக் கிராமங்களை, இன்று பெயர் மாறிப்போன குக்கிராமங்கள் உட்பட, அறிந்தவர் ஒருவர், கணினியில் பதிய ஒரு மாணவர்: மூவர் சேர்ந்தால் ஒரு குழு. சந்தேகமுள்ள பெயரை ஊகித்து எழுதக் கூடாது. ஏட்டில் உள்ளபடி ஒரு கட்டத்திலும், நம் வாசிப்பை அடுத்த கட்டத்திலும் தனித்தனியே எழுத வேண்டும். பக்க எண்ணை விடக் கூடாது. விட்டால் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது. வெளியூர்ப் பிள்ளை வாய் திறந்து கேட்கிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றால், பதில் சொல்ல நாம் இருக்க வேண்டும்.

மேடைக்கு இடப்பக்க மேசையில் தாள் வைத்திருக்கிறோம். உங்கள் பெயர், பிரெஞ்சு வாசிக்க வருமா, எந்தெந்தக் கிராமங்கள் தெரியும் என்ற மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். கப்பெஸ்தேர் ஏட்டில் 1860களிலிருந்து தொடங்குகிறோம். நன்றி, வணக்கம்.