ஒரு மேசை, நான்கு கிளாஸ்

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய இரண்டு அணித் தலைவர்களே, கைதட்டல் முழுவதையும் அவர்களுக்கே செலவழித்துவிட்ட அவையோரே, வணக்கம்.

மதுக்கூடத்தில் எந்த பியரை விற்கலாம் என்பது இன்றைய தலைப்பு. சிறு ஆலைகள் தயாரிக்கும் கிராஃப்ட் பியரை மட்டும்தான் விற்க வேண்டும் என்று முதலில் பேசிய நண்பர் வாதாடினார். பெருநிறுவன பியருக்கு அவர் சூட்டிய பெயர் ‘நுரை விட்ட தண்ணீர்’. அடுத்து வந்த அம்மையார், ஊருக்கெல்லாம் தெரிந்த பெருநிறுவன பியர் இருந்தால் போதும் என்றார். வாயில் நுழையாத பெயர்களை எழுதிப் பட்டியலாக நீட்டுவது, இளைப்பாற வந்தவரைப் பரீட்சைக்கு உட்கார வைக்கும் வேலையாம். இரண்டும் இருக்கட்டும் என்று சொல்ல வந்திருப்பவன் நான். என்னைப் பார்த்து இருவரும் ஒரே பழமொழியை வீசினார்கள்: கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இன்று மாலை அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். மீசையில் கூழ் ஒட்டினால் சங்கடம்தான், நடுவர் அவர்களே. பியர் நுரை ஒட்டினால் புறங்கையால் துடைத்துவிட்டு அடுத்த வாய் குடிக்கலாம்.

ஒரு மேசையிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகள் நான் பாரின் அந்தப் பக்கம், குழாய்களுக்குப் பின்னால் நின்றவன். கிராஃப்ட் பியர் மட்டுமே விற்ற இடம் அது. ஒரு மாலை நான்கு பேர் வந்தார்கள். மூவர் பட்டியலை ஆசையோடு படித்தார்கள். நான்காமவர் அதை ஒருமுறை படித்துவிட்டு, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. “சாதாரண லேகர் இருக்கிறதா?” என்று கேட்டார். பெருநிறுவனங்கள் விற்கும், ஊருக்கெல்லாம் தெரிந்த அந்தத் தங்க நிற பியரைத்தான் கேட்டார். “அதெல்லாம் இங்கே கிடையாது” என்றார் எங்கள் முதலாளி. பதில் சரியான பதில்தான். அந்த ‘அதெல்லாம்’ இருக்கிறதே, அதை அவர் உச்சரித்த விதத்தில் கேட்டவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு நால்வரும் எழுந்து போனார்கள். மேசையைத் துடைக்கப் போனவன் நான். ஒரு கிளாஸில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

மதுக்கூடத்துக்குக் கூட்டமாகத்தான் வருவார்கள். வாக்கெடுப்பில் பெரும்பான்மை வெல்லும். மேசையில் சிறுபான்மைதான் வெல்லும். யாருக்கு அங்கே குடிக்க ஒன்றும் இல்லையோ அவர்தான் அடுத்த வாரம் எங்கே போவது என்பதைத் தீர்மானிப்பார். அம்மையார் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். லேகர் மட்டுமே உள்ள கடையில் ஸ்டவுட் என்ற கருநிற பியரைக் கேட்டவரும் இதே போலத்தான் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பார்.

இப்போது ‘நுரை விட்ட தண்ணீர்’. நண்பர் இதைச் சொன்னபோது அரங்கம் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் பியர் தயாரிப்பவரிடம் போய்க் கேட்டுப்பாருங்கள், எதைத் தயாரிக்கப் பயப்படுகிறீர்கள் என்று. வெளிர் தங்க நிற லேகரைத்தான் சொல்வார். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை அள்ளிக் கொட்டிய ஐபிஏ வகை பியரில் ஒரு சிறு பிழை நடந்தால் அந்தக் கசப்பும் மணமும் அதை மூடிவிடும். கருக வறுத்த மால்ட், அதாவது முளைகட்டிய தானியம், இன்னும் நன்றாக மூடும். லேகரில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. நொதித்தலில் ஈஸ்ட் கொஞ்சம் தடுமாறினாலும் உருகிய வெண்ணெயின் வாடை நேராக மூக்கில் ஏறும். அதைத் தவிர்த்து, வெவ்வேறு நாடுகளில் உள்ள ஆலைகளில், ஆண்டுக்கு ஆண்டு மாறும் பார்லியை வைத்துக்கொண்டு, ஒரே சுவையைக் கொண்டுவருகிறார்கள். அந்தச் சுவை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அந்த வேலையைத் தண்ணீர் என்று சொல்லக் கூடாது.

அந்த லேகர் எப்படி வந்தது? இன்றைய செக் நாட்டில் உள்ள பொஹீமியாவின் பில்சன் நகரத்தில் 1838-இல், தரங்கெட்டுப் போன பியரை ஊர்க்காரர்களே பீப்பாய் பீப்பாயாகத் தெருவில் கொட்டினார்கள். அன்று அங்கே இருந்தவை எல்லாம் சிறு ஆலைகள்தாம், நண்பரே! ஒருநாள் நன்றாக இருக்கும், மறுநாள் புளிக்கும். வெறுத்துப்போன ஊரார் சேர்ந்து ஒரு புதிய ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசஃப் குரோல் என்பவரை அழைத்து வந்தார்கள். 1842-இல் அவர் தயாரித்ததுதான் முதல் பில்ஸ்னர். இன்று உலகெங்கும் ஓடும் தங்க நிற லேகர்களுக்கு அதுதான் மூதாதை. சிறு ஆலைகளின் தரக்குறைவைச் சகிக்க முடியாத குடிகாரர்களின் கோபத்தில் பிறந்தது, அந்த நுரை விட்ட தண்ணீர்.

கதை அங்கே நிற்கவில்லை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வகத்தில் 1883-இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் உயிரணுவைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். ஆலை அதைப் பூட்டி வைக்கவில்லை, மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. அமில அளவைச் சொல்ல நாம் பள்ளியில் படித்த பிஎச் அளவுகோலும் அதே ஆய்வகத்தில்தான் 1909-இல் பிறந்தது, கண்டவர் சோரன்சன். டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த கோசெட் என்பவர், சில மாதிரிகளை மட்டும் சோதித்து ஒரு முடிவை எவ்வளவு நம்பலாம் என்று கணக்கிடும் முறையை 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். புள்ளியியல் படித்து அழுதவர்கள் அவையில் இருந்தால் அவர்களுக்கு அந்த டி-சோதனை நினைவிருக்கும். இன்று ஒரு சிறு ஆலைக்காரர் தூய ஈஸ்ட்டை வாங்கி ஊற்றும்போதும், தொட்டியில் பிஎச் மீட்டரைத் தோய்க்கும்போதும், பெரிய ஆலைகளின் உழைப்பைத்தான் கையில் பிடித்திருக்கிறார். தாத்தா வீட்டுச் சொத்தில் உட்கார்ந்துகொண்டு தாத்தாவைக் கடைக்குள் விடாதே என்கிறார் நண்பர்.

அம்மையார் கைதட்டுகிறார். கொஞ்சம் பொறுங்கள் அம்மா, உங்கள் பக்கமும் வருகிறேன்.

தாத்தா நல்லவர்தான். ஆனால் வீட்டில் அவர் மட்டும் இருந்தபோது என்ன ஆயிற்று என்று பார்ப்போம். 1970-களின் இறுதியில் அமெரிக்கா முழுவதிலும் நூறு பியர் ஆலைகள்கூட மிஞ்சவில்லை. அத்தனை பெரிய நாட்டில் பெரும்பாலும் ஒரே சாயலில் லேகர். அதற்கு முன்பே, 1965-இல், சான் பிரான்சிஸ்கோவில் மூடப்போகும் நிலையில் இருந்த ஆங்கர் ஆலையில் ஃபிரிட்ஸ் மேடேக் என்ற இளைஞர் பணத்தைப் போட்டு, பிறகு தானே நின்று பியரைச் செம்மைப்படுத்தினார். பிரிட்டனில் 1971-இல் நான்கு நண்பர்கள் சேர்ந்து, பீப்பாயிலேயே முதிரும் ஏல் என்ற பழைய பியர் வகையைக் காப்பாற்ற ஓர் இயக்கம் தொடங்கினார்கள்; காம்ரா என்று இன்றும் அது நடக்கிறது. அமெரிக்காவில் 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டில் பியர் தயாரிப்பதற்கு இருந்த கூட்டாட்சித் தடையை நீக்கியது. வீட்டு அடுப்பில் பழகியவர்கள் சிலர் ஆலை தொடங்கினார்கள். இப்போது அங்கே ஒன்பதாயிரத்துக்கும் மேல் ஆலைகள். ‘மக்கள் கேட்பது லேகர்தான்’ என்றீர்கள் அம்மா. கேட்பதற்கு வேறு ஒன்று இல்லாத கடையில் மக்கள் வேறு எதைக் கேட்பார்கள்?

நண்பரிடம் எனக்கு இன்னொரு கேள்வி உண்டு. கிராஃப்ட் மட்டும் என்கிறீர்களே, கோடு எங்கே? அமெரிக்கச் சிறு ஆலைகளின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் வைத்திருக்கும் வரையறைப்படி, ஆண்டுக்கு 60 லட்சம் பேரல் வரை தயாரித்தாலும் ‘சிறியது’தான். லிட்டரில் சொன்னால் சுமார் 70 கோடி. இந்தச் ‘சிறியது’ எந்தச் சந்துக்குள் நுழையும் என்று எனக்குத் தெரியவில்லை. அது போகட்டும். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையை 2011-இல் உலகின் மிகப் பெரிய பியர் நிறுவனம் வாங்கியது. லகுனிடாஸ் என்ற இன்னொரு கிராஃப்ட் ஆலையில் பாதியை 2015-இல் ஹைனகென் என்ற பெருநிறுவனம் வாங்கியது, மீதியை 2017-இல். உங்கள் மதுக்கூடத்தில் இந்தப் பியர் ஏற்கெனவே குழாயில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் கையெழுத்தான அன்று காலை குழாயைக் கழற்றுவீர்களா? பீப்பாய்க்குள் இருப்பது நேற்றைய அதே பியர். நேற்று மணமாக இருந்தது இன்று தண்ணீராகிவிட்டதா? லாபம் யாருக்குப் போகிறது என்ற கவலை நியாயமானது, நான் மறுக்கவில்லை. அதை நாக்கின் பெயரில் பேசாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஆனால், நடுவர் அவர்களே, ‘இரண்டும்’ என்று பலகை மாட்டிவிட்டு முப்பது குழாய் வைக்கும் கடைக்காரர் என் அணியில் சேரமாட்டார். இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். எதிரணிகள் பேசியது பியரைப் பற்றி, யாரும் குழாயைப் பற்றிப் பேசவில்லை.

50 லிட்டர் பீப்பாய் ஒன்றில் அரை லிட்டர் கிளாஸ் நூறு கிடைக்கும், நுரையிலும் சிந்தலிலும் போவதை விட்டுவிட்டால். நாளைக்கு நூறு கிளாஸ் விற்கும் கடை என்று வையுங்கள். இருபது குழாய் வைத்தால் குழாய்க்கு ஐந்து கிளாஸ். ஒரு பீப்பாய் தீர இருபது நாள். ஐந்து குழாய் வைத்தால் ஐந்தே நாள். இருபது நாள் பீப்பாயில் முதலில் போவது ஹாப்ஸின் மணம், அதாவது எந்த மணத்துக்காக அந்த கிராஃப்ட் பியரை வாங்கினோமோ அதே மணம். நண்பர் புகழும் கடைகளில் பாதி, இப்படி மணம் செத்த பியரைத்தான் பெருமையாக ஊற்றிக் கொடுக்கின்றன.

குழாய்க்கும் பீப்பாய்க்கும் நடுவில் ஓடும் பிளாஸ்டிக் குழலைக் கழற்றிப் பார்த்தவர்கள் இந்த அவையில் எத்தனை பேர் இருப்பீர்களோ. உள்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் படியும், ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்தது. விரலால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனால் வினிகரும் பழைய வெண்ணெயும் கலந்த வாடை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது மருந்து விட்டுக் கழுவ வேண்டும். ஆறு குழாயை ஒழுங்காகக் கழுவலாம். முப்பதைக் கழுவுவதாகச் சொல்லலாம். அடிக்கடி திறக்கும் குழாயில் பியர் குழலுக்குள் தேங்காது. மணிக்கணக்கில் யாரும் தொடாத குழாயிலிருந்து வரும் முதல் கிளாஸை நான் வாடிக்கையாளருக்குக் கொடுத்ததில்லை; தொட்டியில் கொட்டிவிடுவேன். முதலாளி பார்க்காத நேரத்தில்.

ஆகவே என் கணக்கு இது. ஒரு குழாயில், அல்லது இரண்டில், எல்லோருக்கும் தெரிந்த லேகர். மூன்று நான்கு குழாயில் சிறு ஆலைகளின் பியர், சின்னப் பீப்பாயில் வாங்கி, தீர்ந்ததும் மாற்றி. லேகர் குழாய் கடை வாடகையைக் கட்டும். அந்தத் தைரியத்தில்தான் பக்கத்துக் குழாயில் பெயர் தெரியாத ஆலையின் ஸ்டவுட்டைப் போட்டுப் பார்க்க முடியும். விற்காவிட்டால் ஒரு சின்னப் பீப்பாயோடு போகும். இன்னொன்றும் உண்டு. வழக்கமான லேகரில் மதுவின் அளவு நான்கு, ஐந்து சதவீதம். ஐபிஏக்கள் பல ஆறு ஏழைத் தொடும், இம்பீரியல் ஸ்டவுட் என்ற கடுமையான வகையில் சில பத்தைத் தாண்டும். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருக்க வந்தவருக்குப் பத்து சதவீதத்தை நீட்டினால் பேச்சு எங்கே போய் முடியும் என்று குழாய்க்குப் பின்னால் நின்றவனுக்குத் தெரியும்.

“நீ சொல்வதைச் செய்யக் கடைக்காரரை ஆலைக்காரர்கள் விடமாட்டார்கள்” என்று அம்மையார் சொல்லக்கூடும். உண்மைதான். பிரிட்டனில் ஆலைகளே பப் எனும் மதுக்கூடங்களைச் சொந்தமாக வைத்திருந்தன. எந்தக் குழாயில் என்ன ஓடும் என்பதை ஆலைதான் சொல்லும். 1989-இல் அரசு ஆணை போட்டது: 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் ஆலைகள் பிடியைத் தளர்த்த வேண்டும், அவற்றின் குத்தகைக்காரர் வெளியார் ஏல் ஒன்றை ‘விருந்தாளி பியராக’ விற்கலாம் என்று. விருந்தாளி! சொல் எவ்வளவு பொருத்தம். ஆலை முதலாளிகள் கைவிட்ட பப்களைப் பெரிய பப் நிறுவனங்கள் அள்ளிக்கொண்டன என்பது வேறு கதை, அதற்கு மணி அடிக்கும் முன் நேரம் போதாது. ஒப்பந்தம் கட்டிப்போட்டால் ‘இரண்டும்’ என்பது பலகையில் மட்டும்தான் இருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் மணி அடித்துவிட்டது. அந்த நான்காமவரின் கதையில் பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

பிறகு நான் வேறொரு மதுக்கூடத்துக்கு மாறினேன், அங்கே இரண்டும் உண்டு. ஒருநாள் அதே நால்வர் உள்ளே வந்தார்கள். நான்காமவர் லேகர் கேட்டார், ஊற்றிக் கொடுத்தேன், வேறு பேச்சில்லை. எதிரே இருந்த நண்பர் ஸ்டவுட் வாங்கியிருந்தார். இவர் ஆர்வத்தில் அதில் ஒரு வாய் குடித்துவிட்டு, “அடிப்பிடித்த காபி” என்று முகத்தைச் சுளித்துத் தன் லேகரால் வாய் கொப்பளிப்பது போலக் குடித்தார். அடுத்த முறையும் லேகர்தான், அடுத்தவர் கிளாஸில் ஒரு வாயும்தான். இந்த முறை முகம் சுளிக்கவில்லை. மூன்றாம் முறை அவரைக் கண்டதும், கேட்காமலே லேகர் குழாயில் கை வைத்தேன். கையைக் காட்டித் தடுத்தார். “அந்தக் கருப்பில் அரை கிளாஸ்” என்றார். ஊற்றினேன். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “லேகரையும் ஊற்றிவிடுங்கள். அதுவும் இருக்கட்டும்.”