பூசணிக்காய்க்குள் இருந்த சாட்சி

நடுவர் அவர்களுக்கும் அவையோர்க்கும் வணக்கம். சோவியத் உளவாளியாக இருந்து, பின்னர் கம்யூனிச எதிர்ப்பு எழுத்தாளரான அமெரிக்கர் விட்டேக்கர் சேம்பர்ஸ் மனச்சாட்சியின் பக்கம் நின்றவரா, நண்பரைக் காட்டிக் கொடுத்தவரா? மனச்சாட்சியின் பக்கமே நின்றார் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பெரிய கைதட்டலோடு போய் அமர்ந்திருக்கிறார். "முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம், ஆதாரத்தையே பூசணிக்காயில் மறைத்தவரை இப்போதுதான் பார்க்கிறோம்" என்றார். ஐயா, அந்தக் காயைத் திறந்தே பார்த்துவிடுவோம்.

1948 டிசம்பர் 2, இரவு. மேரிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் அருகே உள்ள தம் பண்ணைக்கு, கம்யூனிஸ்டுகளைப் பற்றி விசாரித்துவந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணையாளர்கள் இருவரை அழைத்து வருகிறார் சேம்பர்ஸ். பெட்டியையோ பீரோவையோ திறப்பார் என்று அவர்கள் காத்திருக்க, அவரோ தோட்டத்துக்குள் இறங்கி, ஒரு பூசணிக்காயின் மேல்மூடியைத் தூக்கி, உள்ளே கையை விட்டு, அரசு ஆவணங்களைப் படம்பிடித்த நுண்படச் சுருள்களை எடுக்கிறார். மறுநாள் அலுவலகக் கோப்பில், 'கைப்பற்றிய இடம்' என்ற வரிக்கு நேரே அந்த அதிகாரிகள் என்ன எழுதியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! ஆனால் தலைவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தச் சுருள்கள் பூசணிக்குள் இருந்தது ஒரே பகல். வீட்டைத் துழாவ ஆள் வருவார்களோ என்ற அச்சத்தில் அன்று காலைதான் காயைக் குடைந்தார். அதற்கு முன் பத்தாண்டுகள் அவை புரூக்ளினில், மனைவியின் உறவினர் வீட்டில் தூசி படிந்து கிடந்தன.

காட்டிக் கொடுக்கத் துடித்தவர் பத்தாண்டுகள் பொறுப்பாரா? அந்த நண்பர், அமெரிக்க வெளியுறவுத் துறையின் முன்னாள் அதிகாரி ஆல்ஜர் ஹிஸ்; அவரைக் கம்யூனிஸ்ட் என்று 1948 ஆகஸ்டில் குழு அழைத்த பிறகே சேம்பர்ஸ் பொதுவில் சொன்னார். அவதூறு வழக்குத் தொடுத்து ஆதாரம் கேட்டவர் ஹிஸ்; பொய்ச் சாட்சியத்துக்காக 1950-இல் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றவரும் அவரே. உளவைப் பற்றி சேம்பர்ஸும் முதலில் பொய்தான் சொன்னார், மறுக்கவில்லை. ஆனால் தம் குற்றத்தையும் சேர்த்தே ஒப்புக்கொண்டு, டைம் இதழின் வேலையையும் விட்டார்.

கடைசியாக ஒன்று. கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்த நாட்களில், சேம்பர்ஸ் குழந்தை நாற்காலியில் அமர்ந்து கஞ்சி உண்ட மகளின் காது மடிப்புகளைப் பார்த்தாராம். இவ்வளவு நுட்பம் தற்செயலாக அமைந்திருக்க முடியாது என்று நாத்திகரான அவருக்குத் தோன்றியதாம். 1952-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். நடுவர் அவர்களே, சட்டத்தைச் சற்று ஒதுக்கி வையுங்கள். மடியில் பிள்ளையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இந்தத் தாய்மார்களிடம், அந்தத் தகப்பனைத் துரோகி என்று அழைக்கலாமா என்று கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்.