ஒவ்வொருவருக்கும் 12 அங்குலம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வாலிபர் வட்டத்தின் 18 ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.

அவைத் தலைவர் அவர்களே, பெற்றோர்களே, இந்த வட்டத்தில் வளர்ந்து இன்று தம் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் தம்பி தங்கையரே, அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

எனக்குப் பின்னால் தொங்கும் இந்தத் துணி இன்னும் போர்வை ஆகவில்லை. மேல்துணி மட்டுமே தைத்து முடிந்திருக்கிறது. அகலத்தில் 6, நீளத்தில் 7, ஆக 42 சதுரங்கள். நமது பதிவேட்டில் 18 ஆண்டுகளில் எழுதப்பட்ட பெயர்களும் 42. ஒவ்வொரு பெயருக்கும், அவர் உடுத்திய பழைய துணியிலிருந்து வெட்டிய ஒரு சதுரம்.

இந்த வேலையைத் தொடங்கியபோது, பொறுப்புகளில் இருந்தவர்களுக்கு நடுவில் பெரிய சதுரமும், இரண்டு மாதம் வந்து நின்றுபோனவர்களுக்கு ஓரத்தில் சிறு துண்டும் வைக்கலாம் என்று சிலர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். நான் உறுதியாக மறுத்தேன். சனிக்கிழமை மாலைகளில் நாம் உட்கார்ந்தது ஒரே பாயில். அங்கே எவருக்கும் தனி இடம் இருந்ததில்லை. பாயில் இல்லாத உயர்வு தாழ்வு போர்வையில் மட்டும் எதற்கு?

இதற்கு உலகறிந்த முன்மாதிரி ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1985 நவம்பரில் நடந்த ஓர் ஊர்வலத்தில், எயிட்ஸ் நோயால் இறந்தவர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். அந்தச் சுவர் ஒட்டுத்துணிப் போர்வை போலத் தெரிந்ததிலிருந்து கிளீவ் ஜோன்ஸ் என்பவருக்கு நினைவுப் போர்வை என்ற எண்ணம் பிறந்தது. 1987 ஒக்டோபர் 11 அன்று வோஷிங்டனில் முதன்முதலாக அது விரிக்கப்பட்டபோது 1,920 துண்டுகள் இருந்தன. புகழ்பெற்றவரானாலும் எவரும் அறியாதவரானாலும் ஒரு துண்டின் அளவு 3 அடிக்கு 6 அடி, ஒரு மனிதரைப் புதைக்கும் குழியின் அளவு. நம்முடையது துக்கத்தில் பிறந்த போர்வை அன்று. ஆயினும் அந்தச் சம அளவை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன். பழஞ்சேலைகளை அடுக்கி, நூலோட்டித் தைத்து, பிறந்த குழந்தைக்கு விரிப்பாகப் போட்ட நம் பாட்டிமாருக்கு இந்தக் கலையை எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சதுரம் 12 அங்குலம் என்றால் வெட்ட வேண்டியது 12½ அங்குலம்; நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். வந்தவற்றில் பாதிக்கு மேல் ரீ-சேர்ட்டுகள். அவை பின்னப்பட்ட துணியாகையால் இழுத்த பக்கம் நீளும். அப்படியே தைத்தால் சதுரம் கோணிப்போகும். ஆகவே சற்றுப் பெரிதாக வெட்டி, சூட்டில் ஒட்டும் பசைத்துணியைப் பின்புறம் வைத்து இஸ்திரி போட்டு, அதன் பிறகே சரியான அளவுக்கு நறுக்கினோம். அச்சிட்ட எழுத்தின்மேல் இஸ்திரிப் பெட்டி நேரே படக்கூடாது என்பதைப் பிள்ளைகள் ஒரு துண்டைக் கருக்கித்தான் கற்றுக்கொண்டார்கள். அந்தத் துண்டும் மூன்றாம் வரிசையில் இருக்கிறது. புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கிய நமது முதல் ரீ-சேர்ட்டுகளில் ஒன்று, உடையவரோடு ரொறன்ரோ சென்று, இப்போது தபாலில் தனியே திரும்பி வந்திருக்கிறது.

கடைசியாக வந்தது ஒரு வெள்ளைப் பள்ளிச் சட்டை. அந்தத் தம்பி இன்று நம்மோடு இல்லை. அவனுடைய அம்மா அதை நான்காக மடித்து, மடியில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையின் கீழ் மூலையில், பேனா ஒழுகிப் பரவிய நீல மைக்கறை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது. வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் கழுவ வேண்டும், சுருங்குவது முன்னரே சுருங்கிவிட வேண்டும் என்பது நான் விதித்த விதி. “இதை மட்டும் கழுவிப்போடாதேங்கோ, பிள்ளை” என்றார் அந்த அம்மா. ஈரமான வெள்ளைத் துணியைக் கறையின் விளிம்பில் ஒற்றிப் பார்த்தேன். நீலம் உடனே ஏறிவந்தது. ஒருமுறை தண்ணீரில் போட்டால் கறையும் போகும், பக்கத்துச் சதுரங்களும் நீலமாகும்.

அன்றே முடிவெடுத்தோம்: இந்தப் போர்வை ஒருபோதும் தண்ணீரில் நனையாது. மற்ற 41 சதுரங்களும் கழுவத் தகுந்தவைதான்; ஆனாலும் அந்த ஒன்றின் பொருட்டு எல்லாம் நனையாமல் இருக்கும். தூசியை மெல்லத் தட்டி, நிழலில் காற்றாட விட்டுப் பேணுவோம். கடற்காற்றின் ஈரம் கொழும்பில் எந்தத் துணியையும் விட்டுவைப்பதில்லை. பொலித்தீன் பையில் கட்டிவைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் மடித்து வைக்க வேண்டும்.

இனி மீதமிருப்பது மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்து முடிச்சிடும் வேலை. தொங்கவிடும்போது பஞ்சு கீழே சரியாதிருக்க, 4 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 400 முடிச்சுகள். இதைத் தையல் தெரிந்த நான்கு பேர் தனியே முடித்துவிடக்கூடாது என்று நான் விரும்புகிறேன். மேசையில் ஊசியும் தடித்த நூலும் வைத்திருக்கிறோம். வர முடியாதவர்களின் சதுரங்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளைச் சதுரத்தின் முதல் முடிச்சை அம்மா இடுவார். அவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க, கண் நன்றாகத் தெரியும் ஒரு பிள்ளை முன்னே வாருங்கள்.