இன்னொருவர் வேலையைச் சுமப்பது

நேயர்களுக்கு வணக்கம். கூட வேலை செய்பவர் ஒரு வாரம் வராமல் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவருடைய கோப்புகள் நம் மேசைக்கு வந்துவிடும். அவற்றைப் புரட்டும்போதுதான், இத்தனையையும் இந்த மனிதர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தாரா என்று வியப்போம். இந்த அனுபவத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

நான் பேச வந்தது 'ஸ்டார்கேட் எஸ்.ஜி.-1' என்ற அறிவியல் புனைவுத் தொடரைப் பற்றி. 1997 முதல் 2007 வரை பத்துப் பருவங்கள், 214 அத்தியாயங்கள் ஓடிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். வட்டமான ஒரு பழங்கால வாசல். அதற்குள் நுழைந்தால் வேறொரு கிரகத்தில் வெளியே வரலாம். அது எப்படி இயங்குகிறது என்பது இன்றைக்கு வேண்டாம். அதில் நுழைகிற நான்கு பேரைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

கர்னல் ஜாக் ஓ'நீல், படைவீரர். சமந்தா கார்ட்டர், விமானப்படை அதிகாரி, இயற்பியல் அறிஞர். டேனியல் ஜாக்சன், பழைய மொழிகளைப் படிக்கத் தெரிந்த தொல்லியல் அறிஞர். நான்காமவர் டீல்க். இவர் பகைவனின் படைக்கே முதன்மைத் தளபதியாக இருந்தவர். முதல் கதையிலேயே, கைதிகளைக் கொல்லும்படி ஆணை வந்தபோது, தம் ஆயுதத்தைத் தம் படையினர் பக்கமே திருப்பிவிடுகிறார். அந்த ஒரு கணத்தில் வீடு, பதவி, மனைவி, மகன் எல்லாவற்றையும் பணயம் வைத்துவிடுகிறார்.

மற்ற கதைகளாக இருந்தால், அணி மாறியவுடன் அவருடைய பழைய கணக்கு தீர்ந்துவிடும். இங்கே தீரவில்லை. முதல் பருவத்திலேயே ஒரு கிராமத்தில், 'என் தகப்பனைக் கொன்றவன் இவன்தான்' என்று ஓர் இளைஞர் டீல்க்கை அடையாளம் காட்டுகிறார். அந்த ஊர் வழக்கப்படி, பாதிக்கப்பட்டவரே நீதிபதி. டீல்க் மறுக்கவில்லை, தப்பி ஓடவும் விரும்பவில்லை. அவருக்காக வாதாட எழுந்து நிற்பவர் ஓ'நீல். சட்டம் படித்தவர் அல்லர், பேச்சில் வல்லவரும் அல்லர். இருந்தும் தமக்குப் பழக்கமில்லாத அந்த வேலையைத் தூக்கிச் சுமக்கிறார். நான் சொன்ன கோப்பு இதுதான், நேயர்களே.

இனி எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். 2000-ஆம் ஆண்டு நான்காவது பருவத்தில் வந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும்.

காலை உணவு மேசை. ஓ'நீல் கையில் கரண்டி. எதிரில் டேனியல் ஏதோ விளக்கிவிட்டு, 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேட்கிறார். ஓ'நீலுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. சில மணி நேரம் கழித்து, வேறொரு கிரகத்தில் ஒரு பழைய கருவி இயங்கத் தொடங்குகிறது. கண்ணைச் சிமிட்டினால் மறுபடியும் அதே மேசை, அதே கரண்டி, அதே கேள்வி. நாள் பின்னோக்கிச் சுழன்று திரும்பத் திரும்ப வருகிறது. அது நினைவில் நிற்பது ஓ'நீலுக்கும் டீல்க்குக்கும் மட்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கதவு திறந்து டீல்க்கின் முகத்தில் இடிக்கிறது.

சுழலை நிறுத்த வேண்டுமானால், அந்தக் கருவியருகே செதுக்கிய எழுத்துகளைப் படிக்கவேண்டும். படிக்கத் தெரிந்தவர் டேனியல். ஆனால் அவர் பாதிவரை படித்து முடிப்பதற்குள் நாள் திரும்பிவிடுகிறது, படித்ததெல்லாம் அவருக்கு மறந்துபோகிறது. ஆகவே டேனியலின் வேலையை மற்ற இருவரும் கற்றுக்கொள்ளவேண்டும். அந்த எழுத்துகளின் மொழி லத்தீனுக்கு நெருக்கமானது. ஆம், அந்தப் படைவீரர்கள் இருவரும் லத்தீன் பாடநூலைக் கையில் எடுக்கிறார்கள்! ஒவ்வொரு சுற்றிலும் டேனியல் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்; இவர்கள் விட்ட இடத்திலிருந்து மனப்பாடம் செய்கிறார்கள். எத்தனையோ கதைகளில் டேனியல் பேசத் தொடங்கினாலே பொறுமை இழப்பவர் ஓ'நீல். அவரே இப்போது அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த படிப்பின் ஒரு துண்டைச் சொல் சொல்லாகச் சுமக்கிறார். அந்த அத்தியாயத்தில் சிரிக்க நிறைய இடமுண்டு. எனக்கோ அந்தப் பாடநூல்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

இன்னும் ஒன்று. கருவியை இயக்கியவர் இறந்துபோன தம் மனைவியை மீண்டும் காண்பதற்காகவே காலத்தைத் திருப்ப முயல்கிறார். எழுத்துகளைப் படித்தாயிற்று, அவரை நிறுத்துவது எப்படி? துப்பாக்கி அங்கே உதவவில்லை. ஓ'நீலின் மகன் சிறுவனாக இருந்தபோது, தகப்பனின் கைத்துப்பாக்கியாலேயே தவறுதலாகத் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தவன். அதைப் பற்றி வாய் திறக்காத மனிதர், அன்று ஓர் அந்நியர் முன்னால் திறக்கிறார். என் பிள்ளையைப் பறிகொடுத்தவன் நான், அந்த நாளை இன்னொரு முறை என்னால் வாழ முடியாது என்கிற பொருளில் ஓரிரு வாக்கியங்கள்தாம். அந்த மனிதர் நிறுத்திவிடுகிறார். வேடிக்கைக் கதையின் நடுவே இப்படி ஒரு காட்சியை வைக்கிற துணிவுக்காகவே இந்தத் தொடரை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

நேரம் குறைவாக இருப்பதாகச் சைகை வருகிறது. கார்ட்டரைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், விட்டுவிடுகிறேன். ஐந்தாம் பருவத்தின் முடிவில் டேனியல் போனபின், ஆறாம் பருவத்தில் அவர் இடத்துக்கு வந்த ஜோனாஸ் க்வின், டேனியலின் குறிப்புகளை எல்லாம் படித்துத் தயாராகிறார். ஆனாலும் ஓ'நீல் அவரை எளிதில் ஏற்கவில்லை. அந்தத் தயக்கத்தைத் தொடர் மறைக்காதது எனக்குப் பிடித்தது.

கடைசியாக, டாக்டர் ஜேனட் ஃப்ரேசர். முகாமில் எல்லோருடைய காயத்துக்கும் மருந்திட்டவர், ஏழாம் பருவத்தில் போர்க்களத்தில் ஒரு வீரருக்குச் சிகிச்சை செய்துகொண்டிருக்கும்போதே கொல்லப்படுகிறார். இரங்கல் உரை ஆற்றவேண்டியவர் கார்ட்டர். அவர் புகழுரை படிக்கவில்லை. ஜேனட்டால் உயிர் பிழைத்தவர்களின் பெயர்களை, ஒன்றன்பின் ஒன்றாக, அப்படியே வாசிக்கிறார். ஜேனட் கடைசியாகக் காப்பாற்றிய அந்த வீரருக்குப் பெண் குழந்தை பிறக்கிறது. அதற்கு ஜேனட் என்று பெயர் வைக்கிறார்கள்.

நேயர்களே, நன்றி, வணக்கம்.