பாட்டு கையில இருக்கும்போது பிளகின் அப்டேட் பண்ணலாமா? – சந்தேகமும் விளக்கமும்

வணக்கம். எஃப்எல் ஸ்டுடியோ மாதிரி பாட்டு போடற சாஃப்ட்வேருக்குள்ள, வாத்திய சத்தமும் எஃபெக்டும் கொடுக்கிற சின்ன சாஃப்ட்வேர்தான் பிளகின். அதைப் பத்தி இன்னிக்கு எடுத்துக்கிட்ட கேள்வி மதுரையிலிருந்து ஒரு தம்பி அனுப்பினது. அப்படியே வாசிச்சுடுறேன்.

"அண்ணா, நான் எஃப்எல் ஸ்டுடியோவுல வேலை பார்க்குறேன். போன வாரம் நேரம் கிடைச்சுதேன்னு எல்லா பிளகினையும் ஒரே நாள்ல அப்டேட் பண்ணிட்டேன். இப்ப பழைய புராஜெக்டைத் திறந்தா நாலு பிளகின் காணோம்னு வருது. சில பிளகின் லிஸ்ட்ல ரெண்டு தடவை நிக்குது. எப்ப அப்டேட் பண்ணணும், எப்ப பண்ணக் கூடாது? இன்னொண்ணு, விண்டோஸ் 11 போட லேப்டாப்பைக் கடையில கொடுக்கப் போறேன், அதுக்கு முன்னாடி ஏதாவது செய்யணுமா?"

தம்பி, முதல் காரியம். அந்தப் பழைய புராஜெக்டைத் திறந்து பார்த்தீங்கல்ல, அதை சேவ் பண்ணிடாதீங்க. பிளகின் காணாத நிலையில மேலேயே சேவ் பண்ணினா, சில சாஃப்ட்வேர்ல அந்த பிளகினோட செட்டிங்கும் சேர்ந்து போயிடும். ஃபைலை ஒரு காப்பி எடுத்து தனியா வெச்சுட்டு, காப்பியில மட்டும் கை வைங்க. எஃப்எல்ல கன்ட்ரோல் என் அடிச்சா புது வெர்ஷனா சேவ் ஆகும், அந்தப் பழக்கம் கைக்கு வந்துடணும்.

இப்ப ஏன் காணாம போச்சுன்னு பார்ப்போம். புராஜெக்ட் ஃபைலுக்குள்ள பிளகின் கிடையாது. அந்த பிளகினோட அடையாளம், நீங்க திருப்பி வெச்ச நாப் எல்லாம் எங்க நிக்குதுங்கற விவரம், இவ்வளவுதான் உள்ள இருக்கு. ஸ்வரக் குறிப்பு நோட்டுல எழுதியிருக்கு, வீணை வேற ரூம்ல இருக்கு, அந்த மாதிரி. திறக்கும்போது சாஃப்ட்வேர் போய் அந்த வீணையைத் தேடும். அதே அடையாளத்தோட கிடைச்சா மீட்டும். இல்லன்னா காணோம்னு சொல்லும்.

உங்க விஷயத்துல பெரும்பாலும் நடந்திருக்கிறது விஎஸ்டி2, விஎஸ்டி3 பிரச்சினைதான். விஎஸ்டிங்கறது பிளகின் எழுதற ஒரு ஃபார்மேட், 2 பழைய வெர்ஷன், 3 புது வெர்ஷன். ஸ்டெய்ன்பெர்க் கம்பெனி விஎஸ்டியை 1996-ல கொண்டுவந்தாங்க. விஎஸ்டி3 வந்தது 2008-ல. ஆனாலும் ரொம்ப வருஷம் எல்லாரும் விஎஸ்டி2-லயே இருந்தோம். 2018-ல விஎஸ்டி2 எழுதறதுக்கான டூல்கிட்டைக் கொடுக்கிறதை ஸ்டெய்ன்பெர்க் நிறுத்திட்டாங்க. 2022 ஜனவரியில, இன்னும் 24 மாசத்துல எங்க சாஃப்ட்வேர்கள்ல விஎஸ்டி2 ஓடாதுன்னு அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் நிறைய கம்பெனிங்க புது இன்ஸ்டாலர்ல விஎஸ்டி2-வை விட்டுட்டாங்க. சிலது கொடுக்கும், ஆனா டிக் அடிக்காம வரும். நீங்க நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு போயிருப்பீங்க. 2020-ல போட்ட பாட்டு விஎஸ்டி2-வைத் தேடுது, கம்ப்யூட்டர்ல விஎஸ்டி3 மட்டும்தான் இருக்கு. பேரு ஒண்ணுதான், உங்க கண்ணுக்கு ரெண்டும் ஒரே பிளகின்தான். சாஃப்ட்வேருக்கு அது வேற ஆள்.

ஸ்கிரீன்ல பாருங்க. சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ், காமன் ஃபைல்ஸ், அதுக்குள்ள விஎஸ்டி3. விஎஸ்டி3 எல்லாம் வழக்கமா இந்த ஒரே இடத்துலதான் வந்து உட்காரும். அதனாலதான் அது நிம்மதி. விஎஸ்டி2-க்கு அப்படி ஒரே வீடு கிடையாது. புரோகிராம் ஃபைல்ஸ்ல விஎஸ்டிபிளகின்ஸ்னு ஒரு ஃபோல்டர், ஸ்டெய்ன்பெர்க் ஃபோல்டருக்குள்ள அதே பேர்ல இன்னொண்ணு, காமன் ஃபைல்ஸ்ல விஎஸ்டி2-ன்னு ஒண்ணு. ஒவ்வொரு இன்ஸ்டாலரும் ஒவ்வொரு இடத்துல போட்டுட்டுப் போயிருக்கும். இந்த மூணு இடத்துலயும் போய், காணாம போன அந்த நாலு பிளகின் பேர்ல டிஎல்எல் ஃபைல் (விஎஸ்டி2 பிளகின் இந்த வகை ஃபைலாத்தான் இருக்கும்) இருக்கான்னு பாருங்க. இருந்தா, எஃப்எல்ல ஆப்ஷன்ஸ், மேனேஜ் பிளகின்ஸ் போய், அந்த ஃபோல்டரைத் தேடற இடங்கள் லிஸ்ட்ல சேர்த்துட்டு ஸ்கேன் விடுங்க, திரும்ப வந்துடும். இல்லன்னா அதே இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி, கஸ்டம் இன்ஸ்டால்ல விஎஸ்டி2 இருக்கான்னு பாருங்க. அதுலயும் இல்லன்னா பழைய வெர்ஷன் இன்ஸ்டாலர் வேணும்.

லிஸ்ட்ல ரெண்டு தடவை வர்றதும் இதே கதைதான். ஒண்ணு விஎஸ்டி2, ஒண்ணு விஎஸ்டி3. அதே மேனேஜ் பிளகின்ஸ் விண்டோவுல ரெண்டையும் ஒண்ணா காட்டறதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதைப் போட்டுக்குங்க. லிஸ்ட் நீளமா இருக்குன்னு விஎஸ்டி2 ஃபைலை டெலீட் மட்டும் பண்ணாதீங்க. பழைய பாட்டுக்கு அதுதான் சாவி.

இனிமே புதுசா போடற பாட்டுக்கெல்லாம் விஎஸ்டி3-யையே எடுங்க. பழைய பாட்டை மாத்தணும்னா, விஎஸ்டி2 ஓடிக்கிட்டிருக்கும்போதே அந்த பிளகினுக்குள்ள இருக்கிற அதோட சொந்த பிரீசெட் மெனுவுல, அதாவது செட்டிங்கை ஒரு பேர்ல சேர்த்து வெக்கிற இடத்துல, சேவ் பண்ணுங்க. அதுக்கப்புறம் விஎஸ்டி3-யைத் திறந்து அதே பிரீசெட்டை எடுங்க. பெரும்பாலான பிளகின்ல இது ஒழுங்கா வேலை செய்யும். ஆட்டோமேஷன், அதாவது பாட்டு ஓடும்போது நாப் தானா திரும்பற கோடு, வரைஞ்சிருந்தா அதை மட்டும் தனியா கவனிங்க. ரெண்டு ஃபார்மேட்லயும் நாப்களோட எண் வரிசை மாறியிருக்கலாம். ஃபில்டரைத் திறக்கணும்னு வரைஞ்ச கோடு வேற ஏதோ நாப்பைத் திருப்பிக்கிட்டு இருக்கும்.

சரி, எப்ப அப்டேட் பண்றதுங்கற கேள்விக்கு வர்றேன். கையில ஒரு பாட்டு இருக்கும்போது தொடவே தொடாதீங்க. மிக்ஸ் முடிஞ்சு, கிளையன்ட் ஓகே சொல்லி, ஃபைல் அனுப்பின பிறகு, அடுத்த வேலை ஆரம்பிக்கறதுக்கு நடுவுல ரெண்டு நாள் கிடைக்கும்ல, அப்ப பண்ணுங்க. அதுவும் ஒரு கம்பெனி பிளகின் முடிச்சு, ஒரு புராஜெக்டைத் திறந்து பார்த்துட்டு, அடுத்த கம்பெனி. நேட்டிவ் ஆக்சஸ், வேவ்ஸ் சென்ட்ரல், ஆர்ட்யூரியாவோட சாஃப்ட்வேர் சென்டர்னு கம்பெனிக்கொரு மேனேஜர் ஆப் வெச்சிருக்காங்க, பிளகினை இறக்கிப் போடறதுக்கு. சிலதுல 'அப்டேட் ஆல்'னு ஒரு பட்டன் கூப்பிடும். அதை அழுத்திட்டு நாளைக்கு ஏதாவது கோளாறுன்னா, எதனாலன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அப்புறம் நம்ம ஊர்ல மாசாந்திர பராமரிப்புக்குன்னு கரண்ட் எடுக்கிற நாள்ல இதையெல்லாம் வெச்சுக்காதீங்க. இன்ஸ்டால் பாதியில நின்னுச்சுன்னா அது வேற தலைவலி.

வெர்ஷன் நம்பரை எப்படிப் படிக்கணும்னு ஒண்ணு சொல்றேன். நிறைய பேர் 3 போய் 4 வருதுன்னா பயப்படுறாங்க, 3.1 போய் 3.2 வந்தா கண்ணை மூடிட்டு போட்டுடுறாங்க. பழைய பாட்டு விஷயத்துல பல நேரம் இது தலைகீழ். ஃபேப்ஃபில்டர் கம்பெனியோட ஈக்வலைசர் பிளகின் புரோ-கியூ 4 வந்தப்ப புரோ-கியூ 3 மேல எழுதலை, பக்கத்துல தனி பிளகினா வந்து உட்கார்ந்தது. செரம் 2-ங்கற சிந்தசைசர் பிளகின் 2025 மார்ச்ல வந்துச்சு, பழைய செரம் வாங்கினவங்களுக்கு இலவசமாவே கொடுத்தாங்க, அதுவும் தனி பிளகின்தான். பழைய பாட்டு பழைய செரமையே தேடி எடுத்துக்கும். ஆனா புள்ளிக்கு அப்புறம் இருக்கிற நம்பர் மாறினா, இருக்கிற ஃபைல் மேலேயே புதுசு எழுதிடும். உங்க எல்லாப் பழைய பாட்டும் அந்த நிமிஷத்துலேருந்து புது ஃபைலைத்தான் எடுக்கும். எல்லா கம்பெனியும் இதே முறையில போறதில்ல, பெரிய நம்பர் மாறும்போதும் மேலேயே எழுதறவங்க இருக்காங்க. அதனால வெளியீட்டுக் குறிப்பை ரெண்டு நிமிஷம் படிச்சுட்டுப் போங்க.

கான்டாக்ட்ங்கற வாத்திய பிளகின் வெச்சிருக்கிறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும். கான்டாக்ட் 8-ல திறந்து சேவ் பண்ணின இன்ஸ்ட்ருமென்ட்டை கான்டாக்ட் 7-ல திறக்க முடியாது. நீங்க 8-க்குப் போயிட்டீங்க, கூட வாசிக்கிற நண்பர் 7-லயே இருக்காருன்னா, நீங்க அனுப்பற ஃபைல் அவருக்குத் திறக்காது. கேட்டுட்டு அனுப்புங்க.

அப்டேட்டுக்கு அப்புறம் சவுண்ட் மாறிடுச்சோன்னு ஒரு சந்தேகம் வரும். காதை மட்டும் நம்பாதீங்க, ராத்திரி கேட்டா ஒரு மாதிரி, காலையில கேட்டா ஒரு மாதிரி இருக்கும். இதுக்கு ஒரு சோதனை இருக்கு. அப்டேட்டுக்கு முன்னாடி பாட்டுல ஒரு முப்பது விநாடியை வேவ் ஃபைலா எடுத்து வெச்சுக்குங்க. அப்டேட் முடிஞ்சதும் அதே முப்பது விநாடியை மறுபடி எடுங்க. ரெண்டையும் ரெண்டு டிராக்ல ஒரே இடத்துல நேரா வெச்சு, ஒண்ணுல மட்டும் போலாரிட்டியைத் திருப்புங்க, அதாவது ஒலி அலையோட மேடு பள்ளத்தைத் தலைகீழாக்குங்க. எஃப்எல் மிக்ஸர்லயே அதுக்கு பட்டன் இருக்கு. இப்ப ரெண்டையும் சேர்த்து ஓட விடுங்க. ஒண்ணுமே கேக்கலை, மீட்டர் அசையலைன்னா ரெண்டும் ஒண்ணேதான். எங்கேயாவது சன்னமா ஒரு சத்தம் வருதுன்னா, அங்கதான் மாறியிருக்கு. எந்த வாத்தியம்னு கூட அந்த மிச்ச சத்தத்துலயே தெரிஞ்சுடும். ரிவெர்ப், கோரஸ் மாதிரி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேற மாதிரி அசையற எஃபெக்ட் இருந்தா, அதை ஆஃப் பண்ணிட்டு பாருங்க. இல்லன்னா மாறாததுக்கே மாறின மாதிரி காட்டும்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நான் ஒரு பாட்டை இழந்திருக்கேன். 2021-ல ஒரு அம்மன் பாட்டு பண்ணிக் கொடுத்தேன், அஞ்சு கட்டையில. சில வருஷம் கழிச்சு ஆடி மாசத்துக்கு அவங்களே போன் பண்ணி, "இந்தத் தடவை வேற ஒரு அம்மா மேடையில பாடறாங்க, நாலு கட்டைக்கு இறக்கி, குரல் இல்லாத மைனஸ் டிராக் தாங்க"ன்னு கேட்டாங்க. சுருதி இறக்கறது ஒரு மணி நேர வேலைன்னு நினைச்சு ஒத்துக்கிட்டேன். திறந்தா புல்லாங்குழல் பிளகின் ஆக்டிவேட் ஆகலை. நடுவுல நான் கம்ப்யூட்டர் மாத்தியிருந்தேன். அந்தச் சின்ன கம்பெனியோட ஆக்டிவேஷன் சர்வரே இல்ல. காசு கொடுத்து வாங்கினது, ரசீது இருக்கு, இன்ஸ்டாலர் கூட இருக்கு, ஆனா திறக்காது. ரெண்டு ராத்திரி உட்கார்ந்து வேற குழல்ல வாசிச்சுக் கொடுத்தேன். அவங்க கேட்ட முதல் கேள்வியே "அந்தப் பழைய குழல் எங்கே?"ங்கறதுதான். அந்த கமகத்துல இருந்த இழைவு வரவே இல்ல. இன்னிக்கும் அதை நினைச்சா வருத்தமாத்தான் இருக்கு.

அதுக்கப்புறம், ஒரு பாட்டு முடிஞ்சா ஒவ்வொரு வாத்தியத்தையும் ஆடியோவா இறக்கி வெக்காம நான் அந்த புராஜெக்டை மூடறதில்ல. எஃப்எல்ல வேவ் எடுக்கும்போது ஸ்பிளிட் மிக்ஸர் டிராக்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, டிக் பண்ணினா தனித்தனியா வந்துடும். ரெண்டு தடவை எடுங்க. ஒண்ணு எஃபெக்டோட, ஒண்ணு எஃபெக்ட் இல்லாம. எஃபெக்ட் இல்லாத வெறும் குழல் இருந்திருந்தா, அன்னிக்கு ஒரு கட்டை இறக்கறதை ஆடியோவுலயே ஓரளவு நல்லா பண்ணியிருக்கலாம். எந்த ஸ்வரம் எப்ப வாசிச்சதுங்கற குறிப்பு இருக்கிற மிடி ஃபைலையும் சேர்த்து வைங்க. இடம் பத்தாதுன்னு சொல்லாதீங்க, கணக்குப் பார்ப்போம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒரு நிமிஷத்துக்கு 17 எம்பி சொச்சம். நாலு நிமிஷப் பாட்டுன்னா ஒரு டிராக் 70 எம்பிக்குள்ள. முப்பது டிராக் ஏறக்குறைய 2 ஜிபி. ரெண்டு தடவை எடுத்தா 4 ஜிபி. ஒரு பாட்டுக்கு 4 ஜிபி ஒண்ணும் பெருசில்ல.

இன்ஸ்டாலரையும் தூக்கிப் போடாதீங்க. பல மேனேஜர் ஆப் புது வெர்ஷனை மட்டும்தான் கொடுக்கும், பின்னாடி போகணும்னா நீங்கதான் வெச்சிருக்கணும். வெளி ஹார்ட் டிஸ்க்ல கம்பெனி பேர்ல ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள வெர்ஷன் நம்பரோட இன்ஸ்டாலர், கூடவே ஒரு நோட்பேட் ஃபைல்ல சீரியல் நம்பரும் எந்த மெயில் ஐடியில வாங்கினீங்கங்கறதும். அவ்வளவு போதும்.

கிராக், அதாவது திருட்டு வெர்ஷன் போட்டவங்களும் இதைப் பார்க்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். அதுல அப்டேட்டுக்கு வழியே இல்ல. விண்டோஸ் மாறினா நின்னு போகலாம், அந்த ஃபைலுக்குள்ள வேற என்ன வந்திருக்குன்னும் தெரியாது. வைட்டல் சிந்தசைசர், வல்ஹல்லா சூப்பர்மாசிவ் ரிவெர்ப், டிடிஆர் நோவா ஈக்வலைசர் இதெல்லாம் முறையாவே இலவசமா கிடைக்குது. இந்த மூணையும் வெச்சு நல்ல பாட்டு போடலாம். எஃப்எல் ஸ்டுடியோவை ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினா, வாங்கின எடிஷனுக்கு ஆயுசுக்கும் அப்டேட் இலவசம். கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து அதை வாங்கிடுங்க.

கடைசியா லேப்டாப் விஷயம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது, அதனால நீங்க மாறறது சரிதான். ஆனா கடையில கொடுத்தா பெரும்பாலும் சி டிரைவை ஃபார்மேட் அடிச்சுத்தான் தருவாங்க. அதோட உங்க லைசென்ஸும் போகும். பல கம்பெனியோட லைசென்ஸைப் பார்த்துக்கிற ஐலாக் லைசென்ஸ் மேனேஜரைத் திறங்க, இந்த கம்ப்யூட்டர் மேல எது எது ஆக்டிவேட் ஆகியிருக்குன்னு காட்டும், ஒவ்வொண்ணா டிஆக்டிவேட் பண்ணுங்க. வேவ்ஸ்ல லைசென்ஸை கிளவுடுக்கு நகர்த்திடுங்க. மத்த கம்பெனிக்கு அவங்க அக்கவுன்ட் பக்கத்துல போய் இந்த கம்ப்யூட்டரை நீக்குங்க. கான்டாக்ட் லைப்ரரி சி டிரைவ்ல இருந்தா வேற டிஸ்குக்கு மாத்துங்க, திரும்ப இன்ஸ்டால் பண்ணினதும் நேட்டிவ் ஆக்சஸ்ல இருக்கிற இடத்தைக் காட்டினா போதும், அத்தனை ஜிபியையும் மறுபடி டவுன்லோட் பண்ண வேண்டியதில்ல. காணாம போன அந்த நாலு பிளகினையும் முதல்ல சரி பண்ணி, பழைய பாட்டுகளை ஆடியோவா இறக்கிட்டு, அப்புறமா லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துட்டுப் போங்க தம்பி.