இடது பக்கம் திரும்பினால் கடல்

நேயர்களுக்கு வணக்கம்.

கடற்கரையோரமாகக் காரில் ஒரு நாள் என்றால் பலருக்கும் சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் சாலைதான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது அதே கிழக்குக் கடற்கரைச் சாலையின் தென்கோடியைப் பற்றி. தூத்துக்குடியில் கிளம்பி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி வழியாகக் கன்னியாகுமரி. நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். நாங்கள் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் ஐந்து பேர், ஒரு வைகாசி மாதம், அதற்கு ஒரு முழு நாளை எடுத்துக்கொண்டோம்.

இந்தச் சாலைக்குப் பெயர்தான் கடற்கரைச் சாலை. வண்டிக்குள் உட்கார்ந்தபடி பார்த்தால் பெரும்பாலும் பனையும் உடைமரமும் வாழையும்தான் தெரியும். கடல் கிழக்கே கொஞ்சம் தள்ளி, மறைவாக இருக்கும். ஊருக்கு ஊர் இடது பக்கம் திரும்பி உள்ளே போனால்தான் அதைப் பார்க்க முடியும். கன்னியாகுமரிக்கு விரட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

விடியும் முன்பே தூத்துக்குடி உப்பளங்களைத் தாண்டினோம். அந்த நேரத்திலேயே பாத்திகளில் ஆட்கள் இறங்கியிருந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். நீளக் கம்பு மாட்டிய பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் கூட்டுகிறார்கள். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெண்மை கண்ணைக் கூசும், அதனால்தான் இருட்டிலேயே வேலை. வண்டியை நிறுத்திப் படம் எடுக்கலாம் என்றான் ஒருவன். வேலை செய்கிறவர்களை வேடிக்கை பார்க்க வேண்டாம் என்று ஓட்டச் சொல்லிவிட்டோம்.

ஆத்தூர்ப் பாலத்தில் தாமிரபரணியைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், புன்னைக்காயலில், ஆறு கடலோடு சேர்கிறது. 1578இல் தமிழ் எழுத்தில் நூல் அச்சிட்ட போர்த்துக்கீசியப் பாதிரியார் ஹென்ரிக்கே ஹென்ரிக்ஸ் வாழ்ந்து பணியாற்றிய ஊர் அது. திருச்செந்தூரைப் பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. நாழிக்கிணற்றில் குளித்தோம், கடலுக்கு இத்தனை பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர். அப்புறம் இட்லி.

குலசேகரன்பட்டினத்தில், தசரா கொண்டாடும் முத்தாரம்மன் கோயிலைத் தாண்டிப் போகையில், ராக்கெட் ஏவுதளம் பற்றிப் பேச்சு வந்தது. 2024 பிப்ரவரியில் அங்கே அடிக்கல் நாட்டினார்கள். இந்த ஊரை ஏன் பிடித்தார்கள் என்று கேட்டான் எங்களில் வங்கிக்காரன். பூமியின் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்கு ராக்கெட்டைத் தெற்கு நோக்கி விட வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விட்டால் இலங்கை மேல் பறக்காமல் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அதில் எரிபொருள் வீண். இங்கிருந்து தெற்கே வெறும் கடல்தான்.

இடது பக்கம் என்ற எங்கள் விதியை ஒரே ஒரு தடவை மீறி, உடன்குடிக்காக வலது பக்கம் திரும்பினோம். பனங்காட்டுக்குள் ஒரு விடிலி, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசை. அகலமான கொப்பரையில் பதநீர் கொதித்துப் பொங்கி, மெல்ல மெல்லச் செம்பழுப்பாகிக்கொண்டிருந்தது. அடுப்பில் எரிவது பனை ஓலையும் மட்டையும். பாகு பதம் வந்ததும் இறக்கிக் கிண்டி, வரிசையாக வைத்திருக்கும் சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். அந்தச் சிரட்டை வடிவம்தான் நம் வீட்டுக்கு வரும் கருப்பட்டி.

"அண்ணாச்சி, சீனி கலக்காததுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?" என்று கேட்டேன்.

"உடைச்சுப் பாருங்க. உள்ளே மினுமினுன்னு இருந்தா சீனி. நல்லது மங்கலா இருக்கும், வாயில போட்டா லேசாக் கரிக்கும். ஆனா வெளியூர்க்காரங்க பளபளன்னு இருக்கறதத்தான் கேக்காவ, என்ன செய்ய?"

மணப்பாட்டுக்குப் போனபோது உச்சி வெயில். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணற்குன்று, அதன் மேல் 1581இல் எழுப்பிய திருச்சிலுவை ஆலயம். குன்றின் கடல் பக்கத்தில் ஒரு குகை. 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய இடம் அது. மேலே நின்றால் இந்தப் பக்கம் ஊரும் பைபர் படகுகளும், அந்தப் பக்கம் கருமேனியாறு கடலில் சேரும் முகத்துவாரமும் தெரியும். ஒருபுறம் அலை, மறுபுறம் அலையில்லாத பச்சைத் தண்ணீர். கச்சான் காற்று ஆரம்பித்திருந்தது. மணலில் நடந்தால் கணுக்காலில் ஊசி குத்துவது போல் மணல் வந்து அடிக்கிறது. இரண்டு பேர் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊருக்குள் சாப்பாடு, சாளைக் குழம்பு. அதற்கப்புறம் யாரும் எழுந்திருக்கிற மாதிரி இல்லை.

மூன்று மணிக்கு வங்கிக்காரன் கடிகாரத்தைப் பார்த்தான். கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனம் பார்த்தே ஆக வேண்டுமாம். அங்கே ஐப்பசியிலிருந்து மாசி வரைதான் சூரியன் கடலில் இறங்குவது நன்றாகத் தெரியும், வைகாசியில் வடமேற்கே சாய்ந்து கரைப் பக்கம் மறைந்துவிடும் என்றேன். அவன் நம்பவில்லை, போனில் தேடினான், அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த மிச்ச நேரம் முழுவதும் அந்த முகத்துவாரத்தில்தான் போனது.

உவரிக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சுயம்புலிங்க சுவாமி கோயில் முன்னால் ஒரு குடும்பம் ஓலைப்பெட்டியில் கடல் மண் அள்ளி வந்து கரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே அது ஒரு நேர்த்திக்கடன். பாட்டி எண்ணிக்கொண்டே வந்தார், பேரன் பாதிப் பெட்டியை ஒரு பெட்டி என்று கணக்குக் காட்டப் பார்த்தான். அதே ஊரில் கப்பல் வடிவத்தில் கட்டிய மாதா கோயிலும் இருக்கிறது. கன்னியாகுமரிக்கு இரவில்தான் போய்ச் சேர்ந்தோம்.

போக நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஆனி, ஆடியில் காற்று கண்ணைத் திறக்க விடாது. பங்குனி, சித்திரை நல்லது, பதநீரும் இறங்கும். ஆனால் பதநீர் குடிக்க வேண்டுமென்றால் காலையிலேயே உடன்குடியில் இருங்கள். வெயில் ஏறிவிட்டால் எல்லாம் கொப்பரைக்குப் போய்விடும்.

நன்றி, வணக்கம்.