ஒரே பெயர் அச்சிட்ட வாக்குச்சீட்டு

நண்பர்களே, வணக்கம். ஒரே கட்சி ஆளும் நாட்டில் தேர்தல் நடந்தால் அது நாடகம்தானே என்று கேட்பீர்கள். நாடகம்தான். ஆனால் சோவியத் ஒன்றியத்தில் அதை ஐம்பது வருஷம் விடாமல் நடத்தினார்களே, எப்படி என்று கொஞ்சம் பார்ப்போம்.

1936இல் ஸ்டாலின் கொண்டுவந்த அரசியலமைப்பு, எல்லோருக்கும் ஓட்டு, அதுவும் ரகசிய ஓட்டு என்றது. 1937 டிசம்பர் 12 அன்று முதல் தேர்தல். நீங்கள் ஆதரிக்கும் ஒருவரின் பெயரை விட்டுவிட்டு மற்ற பெயர்களை அடித்துவிடுங்கள் என்று சீட்டில் அச்சிட்டிருந்தார்கள். கீழே பார்த்தால் இருப்பதே ஒரு பெயர்!

ஆதரிக்கிறவருக்கு வேலையே இல்லை. சீட்டை வாங்கி, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். பெயரை அடிக்கிறவருக்குத்தான் பேனா வேண்டும். அதற்கென்று திரை போட்ட மறைவிடம் இருந்தது, யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதற்குள் நுழைந்தாலே ஆள் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஏற்பாட்டை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அப்புறம், ஒருவரும் விடுபடக்கூடாது. கட்சித் தொண்டர்கள் வீடுவீடாக வருவார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்குப் பெட்டியே போகும். மக்களும் லேசுப்பட்டவர்களா? கூரை ஒழுகுகிறது, சரிசெய்து தராவிட்டால் ஓட்டுப் போட வரமாட்டேன் என்று மிரட்டிக் காரியம் சாதித்தவர்கள் உண்டு. 1984இல் வாக்குப்பதிவு 99.99 சதவீதம் என்று அறிவித்தார்கள். மிச்சமிருந்த 0.01 சதவீதம் யாரோ, பாவம்!

சட்டத்தில் ஒரு விதி சும்மா கிடந்தது. பாதிக்கு மேல் ஓட்டு வாங்காவிட்டால், தனியாக நின்றாலும் தோல்விதான். உள்ளூர் சோவியத்துகளில், அதாவது உள்ளூர் மன்றங்களில், எப்போதாவது சிலர் அப்படித் தோற்றதுண்டு. மேலே யாருக்கும் அந்தக் கவலை இருந்ததில்லை. 1989 மார்ச் 26 வரை.

சீர்திருத்தம் கொண்டுவந்த சோவியத் தலைவர் கொர்பச்சேவ் காலத்துத் தேர்தல் அது. பல தொகுதிகளில் உண்மையான போட்டி. மாஸ்கோவில், பின்னாளில் ரஷ்ய அதிபரான யெல்த்சின் சுமார் 89 சதவீதம் வாங்கி ஜெயித்தார். அதை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது லெனின்கிராட் சங்கதி. அங்கே கட்சியின் பிராந்தியச் செயலாளர் யூரி சொலோவியோவை எதிர்த்து நிற்க ஆளே இல்லை. ஜனங்கள் பேனாவை எடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அவர் பெயரை அடித்துத் தள்ளினார்கள். தனியாக ஓடித் தோற்றார் மனிதர்! கீவ் நகரக் கட்சித் தலைவருக்கும் அதே கதி.

சொலோவியோவின் கட்சிப் பதவியும் அந்த ஜூலையிலேயே போய்விட்டது.